உழுந்துச் சக்கையும் நெய்ச்சோறும்: தமிழகத்தில் பரி ஓம்பிய வரலாறு

கரியாஹாட்டில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள் பலருக்கு, அதன் வடபால் அமைந்த பாலிகஞ்ச் மைதானம் படையினர் வசமுள்ள ஒரு வெளியாகவே அறிமுகம். கல்கத்தா இந்தியாவின் தலைநகராய் விளங்கிய நாளில், கவர்னர் ஜெனரலின் மெய்க்காப்புக் குதிரைப்படையின் இருப்பிடம் அப்பகுதியிலேதான் இருந்தது. 1773-ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தோற்றுவித்த படை அது. இன்று துணிக்கடைகளும் டிராம் கம்பிகளும் நினைவுக்கு வரும் இவ்வட்டாரம், ஒருகாலத்தில் இலாயங்களும் புற்கட்டுகளும் குளம்படி ஓசையும் நிறைந்த சூழலுக்கு அண்மையில் இருந்தது என்பதை எண்ணும்போது, நம் உள்ளம் இயல்பாகவே தென்னாட்டுக்குத் திரும்புகிறது. குதிரையை விலைகொடுத்து வாங்கிய வரலாறு நம்மவர்க்கு நெடிது. வாங்கிய குதிரையை வாழ்நாள் முழுதும் நலத்தோடு காத்த வரலாறு எத்தகையது? இவ்வினாவைப் பற்றிச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் வழி வந்த பரி

குதிரை தமிழ்நாட்டின் இயற்கை விலங்கு அன்று. யானை நம் மலைகளில் பிறந்தது. எருது நம் வயல்களில் வளர்ந்தது. குதிரையோ வெளியிலிருந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய பொருள்களுள் கடல் வழி வந்த குதிரைகளையும் பட்டினப்பாலை குறிக்கிறது. தொண்டை நாட்டுத் துறையொன்றிலும் அவை வந்திறங்கியதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அயல்நாட்டதாயினும் அதனை நம் முன்னோர் அயலதாகக் கருதவில்லை. பரி, புரவி, மா, இவுளி, கலிமா என அதற்குப் பெயர்கள் பல சூட்டினர். காரி என்னும் வள்ளலின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். ஊர்ந்தவனும் ஊரப்பட்டதும் ஒரே பெயரால் வழங்கிய நெருக்கம் அது.

புறத்திணையில் ‘குதிரை மறம்’ என்று ஒரு தனித்துறையே உண்டு. அத்துறையில் பொன்முடியார் என்னும் புலவர் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் 299-ஆம் எண்ணில் நிற்கிறது. அதன் கருத்து நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. பருத்தி வேலி சூழ்ந்த ஒரு சிற்றூர்த் தலைவன். அவனுடைய குதிரை தின்பது உழுந்தின் சக்கை. நடையிலும் அது தளர்ந்தது. எதிரில் நிற்பவை வேந்தருடைய குதிரைகள், அவை நெய் கலந்து மிதித்துத் திரட்டிய கவளத்தை உண்டவை, பிடரி மயிர் கொய்து அழகுபடுத்தப்பட்டவை, மாலை அணிந்தவை. போர் மூண்டபோது நிகழ்ந்தது என்ன? சக்கை தின்ற குதிரை, கடலைப் பிளந்து செல்லும் கலம் போலப் படையைப் பிளந்து சென்றது. நெய்யுண்ட குதிரைகளோ, முருகன் கோட்டத்தில் கலம் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிர் போலப் பின்வாங்கி நின்றன.

புலவர் கருதியது மறமே, மருத்துவம் அன்று. எனினும், குதிரைக்கு எது உணவு என்பதை அறிந்த ஒரு கண் அப்பாட்டில் இருக்கிறது. நெய்யும் சோறும் மனிதனுக்குச் செல்வத்தின் அடையாளம். குதிரைக்கு அவை செல்வமும் அல்ல, நலமும் அல்ல. இவ்வுண்மையைப் பன்னூறு ஆண்டுகளுக்குப் பின் தமிழகம் மிகப் பெரிய விலை கொடுத்து மீண்டும் கற்க நேர்ந்தது.

பொன் கொடுத்து வாங்கிய இழப்பு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டிய நாட்டை மாறவர்மன் குலசேகரன் ஆண்டபோது, தாமிரபரணியின் கழிமுகத்தில் இருந்த காயல் துறைமுகத்திற்குப் பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் மரக்கலங்கள் குதிரைகளை ஏற்றிவந்தன. அவ்வாணிகத்தைப் பற்றி இருவர் எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைத்துள்ளன. ஒருவர் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப்.

மார்க்கோ போலோவின் கூற்று இது: இந்நாட்டில் குதிரை பிறப்பதில்லை, அரசனும் அரசர்களாகவே விளங்கிய அவன் உடன்பிறந்தார் நால்வரும் ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை. குதிரைகளுக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுப்பதையும், அவற்றைப் பேணும் முறை அறியாமையையும் அவர் காரணமாகக் காட்டுகிறார். அதனினும் கொடிய ஒரு செய்தியையும் தருகிறார். இலாடம் அடித்துக் குதிரைக்கு மருத்துவமும் பார்க்க வல்லவர்களை வணிகர் தம்முடன் அழைத்து வருவதில்லை. பிறர் எவரும் வருவதையும் தடுத்துவிடுகின்றனர். குதிரைகள் நெடுநாள் வாழ்ந்தால் அடுத்த ஆண்டு விற்பனை குறையும் அன்றோ?

வஸ்ஸாப் தரும் கணக்கு நம்மை மேலும் திகைக்க வைக்கிறது. கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் தம் சொந்தக் குதிரைகளாக ஆண்டுக்கு 1,400 அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தினார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அதே விலை அரச கருவூலத்திலிருந்து கொடுக்கப்பட்டது. முந்திய ஆட்சிக்காலம் ஒன்றில் மாபார், காம்பே முதலிய துறைகளுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் மொத்த விலை 22 இலட்சம் தினார் என்றும் அவர் எழுதுகிறார். மாபார் என்று அவர் வழங்குவது நம் பாண்டிய நாட்டுக் கடற்கரை. இத்தொகை கோயில் நிலங்களின் வருவாயிலிருந்து ஈடுசெய்யப்பட்டது என்பதும் அவர் கூற்றே.

வந்திறங்கிய குதிரைகளுக்கு நேர்ந்ததையும் வஸ்ஸாப் விரிக்கிறார். பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் சேர்த்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர்; கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் முளையில் கயிற்றால் கட்டி வைத்தனர்; பின்னர்ப் பழக்காமலும் அங்கவடி முதலியன பூட்டாமலும் ஏறிக் கடுவேகமாய் ஓட்டினர். மிக வலிய குதிரையும் சில நாளில் மெலிந்து, மந்தமாகி, பயனற்றுப் போயிற்று; அதனால் ஆண்டுதோறும் புதுக் குதிரை தேவைப்பட்டது.

இவ்விருவரும் அயலவர் என்பதையும், வஸ்ஸாப் வணிகரின் பக்கத்திலிருந்து எழுதியவர் என்பதையும் நாம் மறத்தலாகாது. இறைச்சி என்கிறார் ஒருவர். வெண்ணெய் என்கிறார் மற்றொருவர். கணக்கிலும் மிகை இருக்கலாம். ஆயினும் சமைத்த செழும் உணவு, அசைவற்ற கட்டு, திடீர் ஓட்டம் என்னும் மூன்றையும் பற்றி அவர்கள் கூறுவதைக் கால்நடை மருத்துவம் இன்று மறுக்கவில்லை.

குடலும் குளம்பும்

குதிரையின் உடலமைப்பைச் சிறிது நோக்கினால் இதன் காரணம் விளங்கும். மாட்டுக்குரிய நான்கு அறை இரைப்பை குதிரைக்கு இல்லை. அதன் இரைப்பை ஒன்றே. அதுவும் உடலின் பருமனுக்கு மிகச் சிறியது. ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் கொள்ளும். உண்டது ஒவ்வாவிடில் மனிதன் வாந்தி எடுத்துத் தப்புகிறான். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. புல்லின் நாரைச் செரிப்பது அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். எனவே, சிறிது சிறிதாக நாளெல்லாம் மேய்தலே அதன் இயற்கை. மேய்ச்சல் வெளியில் விட்டால் நாளில் பதினைந்து மணி நேரத்திற்கு மேல் புல் கறித்துக்கொண்டே நடக்கும்.

அத்தகைய உயிரைக் கட்டிப்போட்டு மாவும் நெய்யும் மிகுதியாக ஊட்டினால், செரியாத மாப்பொருள் பெருங்குடலில் புளித்து, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களை அழிக்கிறது. விளைவு இரண்டு. ஒன்று, கடும் வயிற்றுச் சூலை. குதிரை தரையில் புரண்டு துடிக்கும். பல சமயம் அதுவே முடிவாகும். மற்றொன்று, குளம்பின் உட்புறம் எலும்பைப் பற்றி நிற்கும் மென்மடல்கள் அழற்சியுற்று, நிற்கவும் நடக்கவும் இயலாத முடமாக்கும் நோய். வயிற்றில் தொடங்கிய கேடு காலில் முடிகிறது. இலாடம் அடிக்க வல்லவனும் இல்லாத நாட்டில், அக்குதிரையின் கதி என்னாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவற்றோடு நம் நாட்டு ஈக்கள் பரப்பும் நோயும் ஒன்று உண்டு. விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து குதிரை நாளடைவில் எலும்பாகித் தேயும் ‘சுர்ரா’ என்னும் நோய் அது. குருதியில் வாழும் ஓர் ஒட்டுண்ணியே அதன் காரணம் என்பதை 1880-இல் தேரா இஸ்மாயில் கானில் பணியாற்றிய கிரிபித் எவான்ஸ் என்னும் படைக் கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். பாண்டியர் காலத்துப் பாகன் எத்துணை அன்புடையவனாயினும் இதனை அறிந்திருக்க வழியில்லை. ஆதலின் எல்லாப் பழியையும் நம் முன்னோர் தலையில் ஏற்றுதல் நேர்மை அன்று.

வாலுக்கும் விலை

பாண்டியருக்குப் பின்னும் இந்நிலை மாறியதாகத் தெரியவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகரத்தை ஆண்ட சாளுவ நரசிம்மன் ஆர்மசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை வருவித்தான். உயிரோடிருப்பினும் இறந்திருப்பினும் மூன்று குதிரைக்கு ஆயிரம் பொன் வராகன் என்ற கணக்கில் வாங்கினான் என்றும், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் உயிர்க்குதிரையின் விலையே கொடுத்தான் என்றும் போர்ச்சுகீசியர் நூனிஸ் எழுதி வைத்துள்ளார். வணிகரைத் தன் பக்கம் ஈர்க்கும் அரசியல் சூழ்ச்சி அதில் உண்டு. ஆனால் வாலுக்கும் விலை கிடைக்கும்போது, வாலுக்கு முன்னால் உள்ள உயிரைக் காக்க வணிகனுக்கு என்ன கவலை?

இச்சூழலில் நம் நாட்டார் போற்றும் ஒரு கதையும் நினைவுக்கு வருகிறது. மாணிக்கவாசகர் பாண்டியனுக்காகக் குதிரை வாங்கச் சென்று, பொருளையெல்லாம் திருப்பெருந்துறைத் திருப்பணியில் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொணர்ந்தான். அவை இரவில் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின. இது அருள் விளையாடல், வரலாறு அன்று. எனினும், மாலையில் எண்ணி வாங்கிய குதிரை காலையில் இல்லாமற்போகும் துயரத்தைக் கண்ணாரக் கண்ட மக்களிடையே இக்கதை எவ்வளவு எளிதில் வேரூன்றியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. கருவூலம் பொன்னால் நிறைந்திருந்தும் இலாயம் ஆண்டுக்காண்டு வெறுமையானதை அம்மக்கள் அறிந்தேயிருந்தனர்.

ஏட்டில் இருந்த மருத்துவம்

அங்ஙனமாயின் இந்நாட்டில் பரி மருத்துவமே இல்லையோ எனின், இருந்தது. வடமொழியில் சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் மரபு மிகப் பழையது. பாண்டவருள் நகுலன் பரிநூல் வல்லவன். விராடன் நகரில் கிரந்திகன் என்னும் பெயரோடு குதிரை இலாயத்தில் பணிபுரிந்து ஓராண்டைக் கழித்தவன். நளனும் வாகுகனாகி இருதுபன்னனிடம் தேர் செலுத்திக் குதிரை பேணினான். மன்னரும் மறைந்து வாழும் காலத்தில் மேற்கொள்ளத் தகுந்த தொழிலாக இதனை நம் காப்பியங்கள் மதித்தன.

நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம் வண்ண ஓவியங்களோடு தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு, 1952-இல் அச்சேறியது. அதற்கு முன்னரே, நாம் வாழும் இந்நகரில், ஆசியக் கழகத்தின் ‘பிப்ளியோதிகா இந்திகா’ வரிசையில், சயதத்தர் இயற்றிய அசுவ வைத்தியகம் 1886-ஆம் ஆண்டையொட்டி உமேசசந்திர குப்தர் என்னும் கவிராசரால் பதிப்பிக்கப்பெற்றது. பல்லைக் கொண்டு வயது அறிதல், பருவத்திற்கேற்ற உணவு, நோய்க்குறிகள், மருந்து ஆகியன அத்தகைய நூல்களில் பேசப்படுகின்றன. பார்க் தெருவில் உள்ள அக்கழகத்தைக் கடந்து செல்லும் நம்மவர், குதிரையின் உடல்நலம் பற்றிய பழைய இந்திய அறிவு அங்கே அச்சு வடிவம் பெற்றது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று.

குறை எங்கே இருந்தது? ஏட்டறிவு பண்டிதரிடம் இருந்தது. கைப்பழக்கம் வாதுவனிடம் இருந்தது. பொன் அரசனிடம் இருந்தது. வாதுவன் என்பான் குதிரைப் பாகன். விடியலில் சாணத்தின் நிறம் பார்ப்பவன், குளம்பின் வெம்மையைக் கைவைத்து அறிபவன். இம்மூவரும் ஓரிடத்தில் கூடினாலன்றிக் குதிரை பிழைக்காது. வாங்குவோர் பெரிதும் நோக்கியது நிறத்தையும் சுழியையுமே. ஈரோட்டு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திங்களில் குருநாதசாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையிலும் சுழி சுத்தம் பார்த்தே விலை பேசுவர். சுழி, வாங்கும் நாளுக்கு உதவும். பின்வரும் இருபத்தைந்து ஆண்டுக்கு உதவாது.

கல்கத்தா கற்ற பாடம்

இதே பாடத்தைக் கல்கத்தாவும் வேறு வழியில் கற்றது. பிரான்சு நாட்டு லியோனில் கால்நடை மருத்துவம் பயின்ற வில்லியம் மூர்கிராப்ட் 1808-இல் இங்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பூசா குதிரைப் பண்ணைக்கு மேற்பார்வையாளரானார். அவர் முதலில் கை வைத்தவற்றுள் ஒன்று தீனி. குதிரைக்கென்று ஓட்சு பயிரிட ஏற்பாடு செய்தார். பின்னர் நல்ல இனக் குதிரையை நாடி இலடாக், புகாரா எனச் சுற்றி 1825-இல் வழியிலேயே உயிர் நீத்தார்.

1873-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் துறை வரை குதிரை டிராம் ஓடியது, அவ்வாண்டிலேயே நின்றது. 1880-இல் மீண்டும் தொடங்கி, அந்நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ ஆயிரம் குதிரைகள் இழுக்கும் அளவுக்கு வளர்ந்தது. வங்கத்தின் கோடை வெயிலில் பளு இழுத்தல் அவற்றிற்குப் பெருந்துன்பம். 1902-இல் மின்சாரம் வந்தபின்னரே அத்துன்பம் ஒழியலாயிற்று. இதற்கிடையே ஓவியர் கோல்ஸ்வொர்தி கிராண்ட் 1861-இல் விலங்குவதைத் தடுப்புக் கழகத்தை இந்நகரில் நிறுவினார். 1869-இல் வங்காளத்தில் அதற்கெனச் சட்டமும் பிறந்தது. 1893-இல் பெல்காச்சியாவில் கால்நடை மருத்துவக் கல்லூரி எழுந்தது. பத்தாண்டு கழித்து 1903-இல் சென்னை வேப்பேரியிலும் எழுந்தது. பாண்டியன் பொன் கொடுத்தும் பெறமுடியாத பரி மருத்துவன், அன்று முதல் நம் ஊரிலேயே பயின்று வெளிவரலானான்.

பிறந்த நாள் முதல் முதுமை வரை

இன்றைய அறிவு கூறும் முறையோ மிக எளியது. பிறந்த குட்டி முதல் நாளிலேயே தாயின் சீம்பாலைக் குடித்தாக வேண்டும். நோய் தடுக்கும் ஆற்றல் அதன் வழியே வருகிறது. நான்கு முதல் ஆறு திங்கள் வரை தாயோடு விடுதல் நன்று. எலும்பு முதிருமுன் முதுகில் பாரம் ஏற்றலாகாது. வளர்ந்த குதிரைக்கு நாள்தோறும் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்புல் வேண்டும்; 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 6 முதல் 8 கிலோ ஆகும். தானியமும் கொள்ளும் வேலைக்கேற்பச் சிறிதளவே. தூய நீர் எந்நேரமும். குளம்பு திங்கள்தோறும் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்வதால் ஆறு முதல் எட்டு வாரத்திற்கொருமுறை சீவுதல் வேண்டும். பற்களும் வாழ்நாள் முழுதும் தேய்ந்து முளைப்பவை. அவற்றின் கூர்மையை ஆண்டுதோறும் அராவிச் சமன் செய்தல் வேண்டும். குடற்புழு நீக்கமும், சிறு காயத்தாலும் வரக்கூடிய இசிவு நோய்க்கு எதிரான ஊசியும் தவறலாகாது. முதுமையில் பல் உதிர்ந்தபின் ஊறவைத்த மென்தீனி தேவை. இவ்வண்ணம் பேணினால் குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டும் வாழும். ஆண்டு முடிவில் நூறும் எஞ்சாத நிலையோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

இவற்றுள் பொன்னால் ஆவது மிகச் சிறிது. புல், நீர், நடை, அன்றாடம் நோக்கும் ஒரு கண் ஆகிய இவையே பெரும்பகுதி. விக்டோரியா நினைவகத்தின் முன் வண்டி இழுத்த குதிரைகளின் மெலிவைக் குறித்து அண்மைய ஆண்டுகளில் கல்கத்தா உயர்நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றன. மைதானத்துக்குச் செல்லும் நம் குழந்தைகள் வெள்ளித் தகடு பதித்த வண்டியையும் குதிரையின் தலையில் ஆடும் இறகுக் குஞ்சத்தையும் கண்டு மகிழ்வர். அவர்களை ஒரு கணம் நிறுத்தி, குளம்பையும் விலாவையும் நீர்த்தொட்டியையும் நோக்கச் சொல்லுதல் நம் கடமை. ஒப்பனை நலத்தின் அடையாளம் அன்று என்பதைப் பொன்முடியார் அன்றே காட்டிச் சென்றார்.

புலம்பெயர்ந்து வாழும் நாம் காக்க விரும்பும் பிறவற்றிற்கும் இது பொருந்தும். ஆண்டுக்கொரு விழாவில் நெய்யும் மாலையும் சூட்டிவிட்டுப் பிறநாளில் முளையில் கட்டி வைத்தால், மொழியும் மெலியும். நாள்தோறும் வீட்டில் பேசும் பத்துச் சொல்லும், உறங்குமுன் சொல்லும் ஒரு கதையும் உழுந்துச் சக்கை போன்றவை. பார்வைக்கு எளியவை, கடலைப் பிளக்கும் கலத்தின் வலிமையைத் தருபவை. அவ்வெளிய தீவனத்தை நம் இல்லங்கள்தோறும் தவறாது இடுவோமாக.